வண்டலூருக்குத் தெற்கே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னைக்குத் தெற்கே வண்டலூருக்கும் செங்கல்பட்டுக்கும் இடைப்பட்ட ஊர்களைப் பற்றியவை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையையும் இரயில் தடத்தையும் பிடித்துக்கொண்டு வளரும் இந்த ஊர்கள் இன்று முழுக் கிராமங்களும் அல்ல, முழு நகரங்களும் அல்ல. நானும் முப்பது ஆண்டுகளாக இந்தத் தடத்தில் குடியிருப்பவன் என்பதால், ஐந்து கடிதங்களைத் தேர்ந்தெடுத்துச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர்களுடைய விருப்பப்படி தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: கூடுவாஞ்சேரிக்கு மேற்கே ஓர் ஏரிக்கு அருகில் 1,200 சதுர அடி மனை ஒன்றைப் பார்த்திருக்கிறோம். 'லேக் வியூ' என்று விளம்பரம் செய்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்பதற்கான தாள்களைக் காட்டுகிறார்கள். ஆனாலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமோ என்று என் மனைவி அஞ்சுகிறார். எதை வைத்து முடிவு செய்வது?
— வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு வாசகர்

உங்கள் மனைவியின் அச்சம் நியாயமானது. மனை வாங்கும்போது இரண்டு செய்திகளைத் தனித்தனியாக அறிந்துகொள்ள வேண்டும். சட்டப்படி அந்த நிலம் யாருடையது என்பது ஒன்று; மழை பெய்யும் நாளில் அது யாருடையது என்பது மற்றொன்று. விற்பவர் காட்டும் தாள்கள் முதலாவதற்கு மட்டுமே விடை சொல்கின்றன.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பிறகு 2017இல் வரன்முறைத் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வாய்ப்புத் தரப்பட்டது. ஆகவே 'அங்கீகாரம் பெற்றது' என்று விற்பவர் சொன்னால், அது தொடக்கத்திலேயே வரைபட ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவா, பின்னாளில் வரன்முறை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். முன்னதில் சாலைகளும், பெரிய மனைப்பிரிவாக இருந்தால் 10 விழுக்காடு திறந்தவெளியும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். பின்னதில் பூங்காவுக்கோ மழைநீர்க் கால்வாய்க்கோ இடமே ஒதுக்கப்படாமல் இருக்க வாய்ப்பு மிகுதி. பட்டா, புல வரைபடம், 'அ' பதிவேடு ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் தளத்திலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இதற்காக எந்த இடைத்தரகரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவதுதான் கடினமானது. மனை ஏரிக்கரைக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நம் பகுதி ஏரிகள் நான்கு பக்கமும் கரை உடைய குளங்கள் அல்ல. சரிந்து வரும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வில்போல வளைந்த ஒரு கரையைப் போட்டு, மேட்டிலிருந்து இறங்கும் நீரை அதற்குப் பின்னால் தேக்கினார்கள். மேட்டுப் பக்கத்தில் கரை இராது. நிலம் மெல்ல மெல்ல ஏரிக்குள் இறங்கும். ஐந்தாறு ஆண்டுகள் மழை குறைந்தால் அந்தப் பக்கம் காய்ந்து, முள்மரம் முளைத்து, வெறும் தரிசு போலத் தோன்றும். அந்தத் தரிசில்தான் கல் நடுகிறார்கள். நல்ல மழை பெய்யும் ஆண்டில் ஏரி தன் இடத்துக்குத் திரும்பி வரும்போது, வீட்டுக்காரர் அதை வெள்ளம் என்கிறார்.

கரையின் மறுபக்கம் பாதுகாப்பானது என்றும் உடனே சொல்லிவிட முடியாது. அது ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம். மதகைத் திறந்தால் இயந்திரம் எதுவும் இல்லாமல் நீர் தானாகப் பாய வேண்டும் என்பதற்காகவே, ஏரியின் மதகைவிடத் தாழ்வாக இருக்கும் நிலத்தை நஞ்சையாக வைத்துக்கொண்டார்கள். பழைய பதிவேட்டில் 'நஞ்சை' என்று எழுதியிருந்தால், தண்ணீர் வந்து சேர வேண்டும் என்று நம் முன்னோர் திட்டமிட்ட இடம் அது என்று பொருள். அங்கே வீடே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை; வீடு கட்டியவர்கள் அங்கிருந்த வாய்க்கால்களை விட்டுவைத்தார்களா என்று பார்க்கச் சொல்கிறேன். புல வரைபடத்தில் வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை என்று குறிக்கப்பட்டிருக்கும் கோடுகளைக் கையில் வைத்துக்கொண்டு மனையைச் சுற்றி நடந்து பாருங்கள். கோடு தாளில் இருந்து தரையில் காணாமற்போயிருந்தால், அதன் மேல் யாருடைய வீடோ தெருவோ நிற்கிறது என்பது உறுதி.

அடுத்ததாகக் கலங்கலைத் தேடிச் செல்லுங்கள். ஏரி நிரம்பினால் மிகை நீர் வழிந்து வெளியேறுவதற்குக் கட்டிய கல்லணைதான் கலங்கல். அங்கிருந்து புறப்படும் போக்குக் கால்வாய் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பி அதற்கடுத்த ஏரிக்குப் போகும். இப்படி ஒன்றோடொன்று கோத்த ஏரித்தொடர்கள்தான் செங்கல்பட்டு மாவட்டத்தின் உண்மையான வரைபடம். நந்திவரம், ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் மிகை நீர் கடைசியில் அடையாற்றைச் சேர்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த நீரில் ஒரு பங்கு நம் ஊர் ஏரிகள் வழியாக இறங்கிய நீர். நீங்கள் பார்த்திருக்கும் மனைக்கும் அருகிலுள்ள கலங்கலுக்கும் இடையே எவ்வளவு தூரம், கால்வாய் எந்தத் திசையில் போகிறது என்பது தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பெயர்களையும் கவனியுங்கள். தாங்கல் என்பது நம் பக்கத்தில் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். பள்ளம், மடுவு, ஓடை என்று முடியும் பழைய நிலப் பெயர்கள் எல்லாமே நீரைப் பற்றிய சான்றுகள். மனைப்பிரிவுக்குப் புதிதாக வைத்த பெயரை விட்டுவிட்டு, பத்திரத்தில் இருக்கும் பழைய பெயரைப் படியுங்கள். பிறகு ஒரு நாள் முழுவதும் அந்தப் பகுதியில் இருந்து, பால் ஊற்றுபவரிடமும் துணி தேய்ப்பவரிடமும் 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அவர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். வீட்டின் அடித்தளத்தை நான்கடி உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம் என்று விற்பவர் ஆறுதல் சொன்னால், தண்ணீர் நிற்கும் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனை உயர்ந்தால் அந்த நீர் பக்கத்து வீட்டுக்குள்தான் போகும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: கணவருக்குக் கிண்டியில் வேலை. எனக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. பொத்தேரி பக்கம் வீடு வாங்கிவிடலாம் என்கிறார் அவர். தினமும் நான்கு மணி நேரம் பயணத்தில் போய்விடுமோ என்று தயங்குகிறேன். மெட்ரோ வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
— குரோம்பேட்டை வாசகி

சகோதரி, வந்துவிட்டதை நம்பி வீடு வாங்குங்கள். வரப்போவதை நம்பி வாங்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அதன் பெயரால் மனை விலை முன்கூட்டியே ஏறிவிட்டது. அதாவது, இன்னும் ஏறிப் பார்க்காத வண்டிக்கு நீங்கள் இப்போதே கட்டணம் செலுத்துகிறீர்கள்.

இப்போது கையில் இருப்பது இரயில்தான், அது சிறிய செய்தி அன்று. கடற்கரை–தாம்பரம் மின்சார இரயில் 1931இலேயே ஓடத் தொடங்கியது. அந்தத் தடம் இல்லையென்றால் தாம்பரமே இன்றைய தாம்பரமாக ஆகியிராது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் தாம்பரம் வரை கிடைக்கும் வண்டிகளின் எண்ணிக்கை அதற்குத் தெற்கே இல்லை என்பதை நீங்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தாம்பரம்–செங்கல்பட்டு மூன்றாம் பாதை வந்ததும், 2025 ஏப்ரல் முதல் குளிர்சாதன மின்சார வண்டி ஓடுவதும் உதவிதான் என்றாலும், காலை வேளையில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதே உங்கள் வீட்டின் அன்றாட அமைதியைத் தீர்மானிக்கும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென் மாவட்டங்களுக்குப் போவது நமக்கு எளிதாகிவிட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னைய நாட்களில் மட்டும் ஜி.எஸ்.டி. சாலையில் கால் வைக்காமல் இருப்பது நல்லது.

பலரும் இரயில் நேரத்தை மட்டும் கணக்கிட்டுவிட்டு, வீட்டிலிருந்து நிலையம் வரை ஆகும் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். 'நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்' என்று விளம்பரத்தில் இருப்பது நள்ளிரவில் மோட்டார் வண்டியில் போகும் ஐந்து நிமிடம். காலை எட்டரை மணிக்கு, ஷேர் ஆட்டோ நிரம்பும் வரை காத்திருந்து, தடத்தைக் கடந்து, நடைமேடை ஏறும் நேரத்தை நீங்களே கைக்கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி வரும்போது அந்தத் தெருவில் விளக்கு எரிகிறதா என்பதையும் பார்த்து வாருங்கள்.

என் கருத்து இதுதான். வாங்குவதற்கு முன், ஐப்பசியும் கார்த்திகையும் உள்ளடங்குமாறு ஆறு மாதம் பொத்தேரியிலோ கூடுவாஞ்சேரியிலோ வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். பல்கலைக்கழக மாணவர்கள் மிகுதியாகத் தங்குவதால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர்ப் பக்கம் வாடகை சற்றுக் கூடுதல். ஒன்றிரண்டு நிலையங்கள் தள்ளிப் பாருங்கள். அந்த ஆறு மாத வாடகை, இருபது ஆண்டு கடனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை இருந்தது. அண்ணன்மார் தங்கள் பங்கை விற்றுவிட்டார்கள். என் 60 சென்ட் மட்டும் சுற்றிலும் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. வாய்க்காலை அடைத்துவிட்டார்கள், மதகைத் திறக்க ஆள் இல்லை, வீடுகளின் கழிவுநீர் நிலத்துக்குள் வருகிறது. தரகர்கள் தினமும் வருகிறார்கள். விற்பது பாவம் என்று அம்மா சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
— சிங்கப்பெருமாள் கோயில் அருகிலிருந்து ஒரு விவசாயி

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்தத் தடத்தில் வீடு கட்டி வாழும் எங்களில் ஒவ்வொருவரும் உங்களைப் போன்ற ஒருவரின் நிலத்தில்தான் வாழ்கிறோம் என்பதால், அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

விற்பது பாவமில்லை. சுற்றியிருக்கும் நிலங்கள் எல்லாம் வீடானபின், தனித்து நிற்கும் 60 சென்டில் நெல் விளைவிக்கச் சொல்வது, ஊர் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை ஒரு மனிதரின் தோளில் ஏற்றுவதாகும். ஏரிப் பாசனம் என்றுமே தனியொருவரின் தொழிலாக இருந்ததில்லை. கரையை உயர்த்துவதும், வரத்துக் கால்வாயைத் தூர் வாருவதும், மதகைத் திறக்கும் முறையும் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் கூடிச் செய்தவை. அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. அம்மாவிடம் அதை அப்படியே சொல்லுங்கள்.

ஆனால் உடனே விற்றுவிட வேண்டும் என்றும் இல்லை. கழிவுநீர் கலக்கும் வரை உண்ணும் பயிரைத் தவிர்த்துவிடுங்கள். மேட்டுப் பக்கம் இருந்தால் பூச்செடியோ, மரக்கன்று வளர்க்கும் நாற்றுப்பண்ணையோ இந்தப் பகுதியில் நடக்கும். புதிதாக வீடு கட்டுபவர்கள் எல்லோரும் செடி தேடி அலைகிறார்கள். அடைக்கப்பட்ட வாய்க்கால் பதிவேட்டில் புறம்போக்காக இருந்தால், அதை அளந்து மீட்டுத் தரும்படி வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். ஏரி நிலங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் புல எண்ணைக் குறிப்பிட்டு, புல வரைபடத்தின் நகலை இணைத்துக் கொடுத்தால், அதிகாரிகள் அதைத் தள்ளிவைப்பது கடினமாகிவிடும்.

இதற்கு மேல் நான் எழுதப்போவது உங்களுக்காக அல்ல, உங்களைச் சுற்றி வீடு கட்டியிருப்பவர்களுக்காக. மதகைத் திறக்க ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் இந்த ஊர்களின் முழுத் துன்பமும் இருக்கிறது. வயல் இருந்தவரை ஏரிக்கு உரிமைக்காரர்கள் இருந்தார்கள். வயல் போனபின், ஏரி யாருக்கும் வேண்டாத பள்ளமாகி, குப்பையும் கழிவுநீரும் கொட்டும் இடமாகிவிட்டது. உண்மையில் அந்த ஏரி யாருக்கும் வேண்டாததாக ஆகவில்லை. புதிய மனைப்பிரிவு நகர்களில் இருக்கும் எங்கள் வீடுகளுக்கு ஆற்று நீர் முறையாகக் கிடைப்பதில்லை. பெரும்பாலானோர் ஆழ்துளைக் கிணற்றை நம்பியே வாழ்கிறோம். ஏரி நிறைந்த ஆண்டில் கிணற்றில் நீர் மட்டம் ஏறுவதையும், ஏரி வற்றிய கோடையில் குழாயில் காற்று வருவதையும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். அப்படியானால் ஏரியின் இன்றைய ஆயக்கட்டுக்காரர்கள் நாங்கள்தானே? முன்பு நெல்லுக்காக மேற்பரப்பில் பாய்ந்த நீரை, இப்போது நாங்கள் நிலத்தடியிலிருந்து உறிஞ்சிக் குடிக்கிறோம். உரிமையை எடுத்துக்கொண்ட நாங்கள் கடமையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே அருகிலுள்ள நகர்களின் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஆயக்கட்டுக்காரர்களில் எஞ்சியிருக்கும் நான்கு பேரை அழைத்து உட்கார வைத்து, மதகு எங்கே, வரத்துக் கால்வாய் எங்கே, கலங்கல் எங்கே என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் போய்விட்டால், ஏரியை எப்படி நடத்துவது என்பதை அறிந்த ஒருவர்கூட ஊரில் இருக்க மாட்டார். ஆவணி முடிவதற்குள் கால்வாய்களைச் சுத்தம் செய்யுங்கள். 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு உங்கள் வீடுகளில் உண்மையில் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அது வரைபடத்தோடு நின்றுவிட்டது. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய வரும் ஊர்தி உரிமம் பெற்றதா, எடுத்த கழிவை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். அது இரவில் ஏரிக்குள் ஊற்றப்பட்டால், ஒரு சுற்று சுற்றி உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும்.

கேள்வி: எங்கள் ஊராட்சியை நகராட்சியுடன் இணைக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நகர்களில் இருப்பவர்கள் வரவேற்கிறார்கள். பழைய ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள். யார் சொல்வது சரி?
— ஊரப்பாக்கம் வாசகர்

இரு சாராரும் தங்கள் வாழ்க்கையிலிருந்தே பேசுகிறார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. 'நாமெல்லாம் சென்னையாகிவிட்டோம்' என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள். அது நிலப் பயன்பாட்டையும் கட்டட ஒப்புதலையும் திட்டமிடுவதற்கான எல்லை. குப்பை அள்ளுவதற்கும் தெருவிளக்குப் போடுவதற்குமான உள்ளாட்சி எல்லை அதனால் மாறுவதில்லை. கூடுவாஞ்சேரி நகராட்சியானதும், தாம்பரம் மாநகராட்சியானதும் 2021இல் நடந்த வேறு முடிவுகள்.

ஊராட்சியாக இருக்கும் வரை, ஆயிரக்கணக்கான புதிய வீடுகளின் குப்பையையும் கழிவுநீரையும் சமாளிக்கத் தேவையான பணியாளர்களும் பொறியாளர்களும் அதற்குக் கிடைப்பதில்லை. நகர்வாசிகள் இதைச் சொல்லித்தான் இணைப்பைக் கேட்கிறார்கள். பழைய ஊரில் இருப்பவர்களின் கணக்கு வேறு. ஊராட்சி நகராட்சியுடன் இணைந்தால் நூறு நாள் வேலை என்று மக்கள் அழைக்கும் ஊரக வேலை அவர்களுக்கு நின்றுபோகும். வயதான பெண்கள் பலருக்குத் தங்கள் கையில் பணமாக வரும் ஒரே வருமானம் அதுதான். வரி கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும் கிராம சபையும் இல்லாமற்போகும். நகர்ப்புறத்தில் 2022 விதிகளின்படி பகுதி சபை என்ற ஒன்று உண்டு என்றாலும், வாக்காளர் எவரும் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் கிராம சபையின் வலிமை அதற்கு இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

இணைந்தவுடன் எல்லாம் வந்துவிடும் என்று நம்புவதும் தவறு. 2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னை மாநகராட்சியை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிவாக்கினார்கள். அப்படிச் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடைப் பணி பத்தாண்டுகளுக்குப் பின்னும் நடந்துகொண்டிருந்தது.

இணைப்பு என்றாவது வரத்தான் போகிறது என்று நான் எண்ணுகிறேன். அதுவரை, நகர்வாசிகள் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயரை இங்கே மாற்றிக்கொண்டு, அடுத்த கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். வீடு இங்கேயும் வாக்கு மேற்கு மாம்பலத்திலும் இருந்தால், ஊராட்சித் தலைவர் உங்கள் தெருவுக்கு ஏன் முதலில் வர வேண்டும்? இணைப்புப் பற்றிய தீர்மானம் வரும்போது, ஊரக வேலையை இழப்பவர்களுக்கு நகர்ப்புறத்தில் என்ன மாற்று வேலை என்பதை நீங்களே எழுந்து கேளுங்கள். பழைய ஊர்க்காரர்களுக்காகப் புதிதாக வந்தவர் ஒருவர் பேசியதை அவர்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற என் தந்தையை மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கு அழைத்துவந்து ஓராண்டாகிறது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுகிறோம். அவர் யாருடனும் பேசுவதில்லை. ஆடி மாதம் கோயிலில் ஒலிபெருக்கி வைத்தபோது தெருவில் உள்ளவர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். அதற்கு மட்டும் கோபப்பட்டு, 'ஊரார் கோயிலை ஊரார் கொண்டாடக் கூடாதா' என்றார். அவரை எப்படித் தேற்றுவது?
— கூடுவாஞ்சேரி வாசகி

உங்கள் தந்தை கேட்டது சரியான கேள்வி. இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் விதி. திருவிழாக்களுக்கு ஆண்டில் சில நாட்கள் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். இரவு அமைதியைக் கேட்டுப் பெறும் உரிமை தெருவாருக்கு உண்டு. ஆனால் கூழ் வார்க்கும் நாளில் கோயிலுக்குப் போய் ஒரு செம்பு கூழ் வாங்கிக் குடித்துவிட்டு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பத்து மணிக்கு நிறுத்திவிடுங்கள் என்று கோயில் பெரியவரிடம் சொல்லியிருந்தால், காவல் நிலையம் வரை போக வேண்டியிருந்திராது. எங்கள் பக்கத்தில் ஒரு நகரில், தங்கள் வீடுகளுக்கு முன்பே அங்கிருந்த சுடுகாட்டை அகற்றச் சொல்லி மனு கொடுத்தார்கள். பரம்பரையாகத் தங்கள் பெற்றோரை அங்கே எரித்தவர்கள் அந்த மனுவை இன்றும் மறக்கவில்லை.

தந்தையைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பேசாமல் இருப்பது பேச விருப்பமில்லாமல் அன்று. அவருக்குத் தெரிந்ததைக் கேட்பவர் இந்தத் தெருவில் இல்லை. டெல்டாக்காரருக்கு நீர் தெரியும், முறைப்பாசனம் தெரியும், எந்த மண்ணில் எந்த நெல் என்பது தெரியும். நகரில் இருக்கும் நம் வீடுகளில் அந்த அறிவுக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நாளை விடியற்காலையில் ஆறு மணிக்கு அவரை நந்திவரம் ஏரிப் பக்கம் அழைத்துப் போங்கள். நடைபயிற்சிக்காரர்கள் வேகமாக நடந்து போய்விடுவார்கள்; அவர்களை விட்டுவிடுங்கள். மாடு ஓட்டிக்கொண்டு வரும் பழைய ஊர்க்காரர் ஒருவராவது வருவார். இந்த ஏரிக்கு எத்தனை மதகு, ஒரு போகமா இரண்டு போகமா என்று உங்கள் தந்தை கேட்கட்டும். முதல் கேள்வி கேட்கும்வரை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், பிறகு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பலாம். அவருக்கு வீட்டுக்குத் திரும்பும் வழி தெரிகிறதா என்பதை மட்டும் முந்தின நாள் மாலையே ஒருமுறை சேர்ந்து நடந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.